நான் பொதுப்பெட்டியில் ஏறிய ஒரு மாதம்

இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் செம்பூர் ஸ்டேஷனில் ஓர் ஆளை நிறுத்திவைத்து, ஊனமுற்றோர் பெட்டியில் யார் யார் ஏறுகிறார்கள் என்று கண்காணிப்பார்கள் என நான் நம்பினேன். ஐம்பதைத் தொடப்போகிற, கணக்கு எழுதிப் பிழைக்கிற, மகளைக் காலேஜுக்கு அனுப்புகிற ஒரு மனிதன் இதை முழுசாக நம்பினான். எந்த அளவுக்கு என்றால், பிளாட்பாரத்தில் செய்தித்தாளோடு நின்ற ஒருவரைப் பார்த்து, இவர்தான் அந்த ஆள் என்று நானே முடிவு செய்து, அவர் முன்னால் நொண்டாமல் நடந்து காட்டினேன். அவர் தாளை மடித்துவிட்டு, பன்வெல் வண்டி எந்தப் பிளாட்பாரத்தில் வரும் என்று என்னிடம் கேட்டார். அப்போதும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. கெட்டிக்காரன், பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன், மும்பையில் மழை ஓய்கிற சமயத்தில் நடந்த கதை இது.

நான் பிறந்தது தாராவியில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே இரும்புக் கம்பியும் தோல்பட்டையுமாக ஒரு காலிப்பர் என்னோடு வளர்ந்து வருகிறது. கல்யாணத்துக்குப் பிறகு செம்பூருக்குக் குடிவந்தோம். கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் கணக்கர் வேலை. இருபது வருடத்துக்கு மேல் ஒரே நாற்காலி.

மும்பை லோக்கல் ரயில் ஒவ்வொன்றிலும் ஊனமுற்றவர்களுக்கும் புற்றுநோயாளிகளுக்கும் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. நாங்கள் அதை டப்பா என்போம். காலை வண்டியில் எங்கள் டப்பாவுக்கு ஒரு நிரந்தரக் கூட்டம் இருந்தது. கோவண்டியில் ஏறும் பாய், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தோல் வெட்டும் மெஷினில் வலது கையில் மூன்று விரலைக் கொடுத்தவர். மஸ்ஜித் ஸ்டேஷன் பக்கம் பைக்கடை வைத்திருக்கிறார். மான்கூர்டிலிருந்து வரும் ஒரு மராத்திக்கார அம்மா, கண் தெரியாதவர், வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர். இன்னும் நாலைந்து பேர். இவர்களைச் சிரிக்க வைப்பது என் பொறுப்பு. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். அந்த அம்மா எனக்கு வைத்த பெயரே ஜோக்கர்தான்.

இடது கால் கதை போதும். கவலை வந்தது வலது காலால். கிட்டத்தட்ட ஐம்பது வருடமாக அது இரண்டு காலின் வேலையைச் செய்தது, ஓவர்டைம் கேட்காமல். கடைசியில் முட்டி தேய்ந்துபோனது. மாற்று மூட்டு வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபீஸில் எல்லோருக்கும் சேர்த்து எடுத்த குரூப் மெடிக்கல் பாலிசி இருந்தது. பழைய வியாதி, புது வியாதி என்று பார்க்காமல் சேர்ந்த நாளிலிருந்தே கொடுக்கிற பாலிசி. ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால் போதும். நான் என்ன சொன்னேன்? மார்ச் கணக்கு முடியட்டும் என்றேன். மார்ச் முடிந்தது. ஆடிட் முடியட்டும் என்றேன். ஆடிட்டும் முடிந்தது. அதற்குப் பிறகு ஆபீஸே முடிந்தது. கணக்கு வேலை முழுவதையும் வேறு ஊருக்கு மாற்றுகிறோம், உங்களுக்கு நன்றி என்றார்கள்.

கடைசி நாளன்று எங்களை ஒரு மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, மனிதவளப் பிரிவுப் பெண் ஒவ்வொன்றாக விளக்கினாள். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். அவளுக்கே குரல் சரியாக வரவில்லை. எனக்கும் அழுகை வரும்போல் இருந்தது. அது வெளியே தெரியக்கூடாதே என்று நான் ஜோக் அடித்துக்கொண்டே இருந்தேன். ஒற்றைக் காலில் நின்று இத்தனை வருடம் வேலை பார்த்தவனுக்குத் தனியாக ஏதாவது உண்டா என்றேன். சிரித்தார்கள். அவள் இன்சூரன்ஸ் பற்றி ஆரம்பித்தாள். இதைத் தொடர வேண்டும் என்றால், என்று ஏதோ சொல்ல வந்தாள். "மேடம், நானே இங்கே தொடரவில்லை, இன்சூரன்ஸ் எங்கே தொடரப்போகிறது" என்றேன். மேஜையே சிரித்தது. அவளும் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள்.

அந்த ஜோக்குக்கு இன்றைக்கும் நான் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள்தான் மண்டையில் உறைத்தது. வேலையோடு பாலிசியும் போய்விட்டது. முட்டி மட்டும் போகாமல் கூடவே வந்திருக்கிறது. உடனே சொந்தமாக ஒரு பாலிசி எடுக்க வேண்டும். ஆனால் இந்தக் காலைப் பார்த்தால் யார் கொடுப்பார்கள்?

இந்தப் பயம் எனக்கு இருபத்திரண்டு வயதில் விழுந்தது. தாராவியில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு ஆயுள் காப்பீட்டு ஏஜெண்ட் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த டீயைக் குடித்தார், என் காலைப் பார்த்தார், பையை மூடினார். "தம்பிக்குக் கஷ்டம் அண்ணாச்சி" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த மூடிய பை என் மனசில் அப்படியே இருந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எந்த ஏஜெண்டையும் கேட்கவில்லை. ஆபீஸ் பாலிசியில் என் கால் எந்தக் கேள்வியும் இல்லாமல் உள்ளே போயிருந்ததை, ஏதோ அவர்கள் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்றே நினைத்திருந்தேன்.

ஆக, என் திட்டம் எளிமையானது. காலை மறைத்துவிடுவது.

ஒரு கம்பெனிக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் ஓர் இளைஞன், இந்தியில், தேன் ஒழுகப் பேசினான். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, இதயம் எப்படி என்று வரிசையாகக் கேட்டான். இல்லை, இல்லை, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். உடம்பில் ஊனம் ஏதாவது உண்டா என்றான். இல்லை என்றேன். அதோடு விட்டிருக்கலாம். குரலில் நம்பிக்கை போதவில்லையோ என்று தோன்றியதால், தினமும் காலையில் நான் ஓடுவேன் என்று அவன் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

அடுக்களையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. போனை வைத்ததும் என் மனைவி கத்தியோடு வாசலில் வந்து நின்றாள்.

"எங்க ஓடுதிய? என்னைய விட்டுட்டா?"

"நீ சும்மா இரு. இது டெக்னிக்."

"உள்ளதச் சொன்னா என்ன? குடுத்தா குடுக்கான், இல்லன்னா போறான். முட்டிய எங்க கொண்டு ஒளிப்பிய?"

உனக்கு உலகம் தெரியாது என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவளோடு தோற்கும்போதெல்லாம் நான் சொல்கிற வசனம் அது.

போனில் பொய் சொன்னவனுக்கு அதைக் காப்பாற்றும் வேலை இருக்கிறதல்லவா. ஒரு பழக்கக்காரரின் பாத்திரக் கிடங்கில் பாதி நாள் கணக்கு பார்க்க மஸ்ஜித் வரை தினமும் போய்வந்துகொண்டிருந்தேன். டப்பாவில் ஏறினால் மாட்டிக்கொள்வேன் என்ற அந்தப் பைத்தியக்கார எண்ணம் அப்போதுதான் வந்தது. அதன் அடியில் இன்னொன்றும் இருந்தது என்று இப்போது தெரிகிறது. வேலை போய்விட்டது என்று பாயிடமும் அந்த அம்மாவிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிரிக்க வைக்கிறவன் எந்த முகத்தோடு போய் அதைச் சொல்வது? ஆகவே இன்சூரன்ஸ்காரனின் உளவாளி எனக்கு வசதியாக இருந்தான்.

பொதுப்பெட்டியில் ஏற ஆரம்பித்தேன்.

மும்பைக் காலை வண்டியில் பொதுப்பெட்டி என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு காலும் உள்ளவர்களே ஒரு காலில்தான் நிற்பார்கள். அந்த வகையில் அங்கே எல்லோரும் எனக்குச் சமம். மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மொத்த எடையையும் தேய்ந்த முட்டியில் போட்டு நின்றேன். குர்லாவில் கூட்டம் ஏறி என்னைக் கிழக்கு நோக்கித் திருப்பும், வடாலாவில் இறங்கி மேற்கு நோக்கித் திருப்பும். ஒருநாள் என் காலிப்பர் பக்கத்தில் இருந்தவர் முட்டியில் இடித்தது. பேண்ட்டுக்குள் என்ன கம்பி என்று முறைத்தார். டியூப்லைட் ஸ்டாண்ட், வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். மனிதர் நம்பிவிட்டார். யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டேனா? பெருமைப்பட்டேன். பார், நம்மைப் பார்த்தால் யாருக்கும் தெரியவில்லை என்று மனசுக்குள் தட்டிக்கொடுத்துக்கொண்டேன். மாலையில் வீட்டுக்கு வந்தால் முட்டி பன்னாகப் புடைத்திருக்கும். மனைவி ஒன்றும் பேசாமல் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைப்பாள். பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வண்டி வந்து நின்றதும் பொதுப்பெட்டிக்குப் போக எங்கள் டப்பாவைத் தாண்டித்தான் போக வேண்டும். தூண் மறைவில் நின்று, கூட்டம் நகரும்போது அதோடு நானும் நகர்ந்துவிடுவேன். பாய் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டார், போனில் கிரிக்கெட் பார்ப்பவர். மஸ்ஜிதில் இறங்கும்போதும் அவர் போகட்டும் என்று கூட்டத்தில் பின்தங்கிவிடுவேன். ஒருநாள் அப்படிக் கடந்துபோகும்போது உள்ளே இருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது. "ஜோக்கர் ஜா ரஹா ஹை." ஜோக்கர் போகிறார். சாதாரணமாக, பால்காரர் போகிறார் என்பதுபோலச் சொன்னார். அத்தனை பேர் கண்ணில் மண்ணைத் தூவியவன், கண் தெரியாதவரிடம் மாட்டிக்கொண்டேன். என் காலிப்பர் பூட்டு நடக்கும்போது கிளிக் கிளிக்கென்று ஒரு சத்தம் போடும், எனக்கு அது காதில் விழுவதே இல்லை. அவருக்கு விழுந்திருக்கிறது.

நான் நின்றிருக்கலாம். ஜன்னலுக்கு இரண்டடி தூரம்தான். "ஆமாம், நான்தான்" என்று சொல்லியிருந்தால் போதும். நான் செய்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நடக்கப் பார்த்தது. காலிப்பர் போட்டவன் நுனிக்காலில் நடந்தால் எப்படியிருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். தடுமாறி ஒரு பெரியவரின் தோளைப் பிடித்து, அவரோடு சேர்ந்து அடுத்த பெட்டியில் போய் விழுந்தேன்.

பாய் போன் செய்தார். எடுக்கவில்லை. டப்பா நண்பர்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு. லீவு போட்டுவிட்டுக் குடும்பத்தோடு லோனாவாலா மலைக்கு வந்திருக்கிறேன், சிக்கி தின்கிறேன் என்று அதில் எழுதினேன். கடலைமிட்டாய்க்கு அங்கே அந்தப் பெயர். சில நாள் கழித்துப் பாயிடமிருந்து ஒரு வரி வந்தது: "இன்னுமா சிக்கி திங்கீரு?" நான் ஒரு சிரிப்புப் படத்தை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இதற்கிடையில் கம்பெனியிலிருந்து மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். மாட்டுங்காவில் ஒரு பரிசோதனை நிலையம். நான் ஒரு வாரம் வீட்டு நடையில் ஒத்திகை பார்த்தேன். பேண்ட் பாக்கெட்டுக்குள் கையை விட்டுத் தொடையைத் தள்ளிக்கொண்டு, தோளைச் சாய்க்காமல், ஏதோ யோசனையில் இருப்பவன்போல நடப்பது. மகள் பார்த்துவிட்டு, "அப்பா, நொண்டுனாகூட நல்லாருக்கு. இது பயமா இருக்கு" என்றாள்.

தொளதொளவென்று புதுப் பேண்ட் போட்டுக்கொண்டு போனேன். மனைவி உடன் வந்தாள், ஆனால் உள்ளே வர மாட்டேன் என்று வெளிப்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் எடுத்தார்கள், அழுத்தம் பார்த்தார்கள். எல்லாம் உட்கார்ந்தபடியே நடந்ததால் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு டாக்டரம்மா என்னை எடை பார்க்கும் மிஷினில் ஏறச் சொன்னார். ஏறினேன். ஷூவைக் கழட்டிவிட்டு ஏறச் சொன்னார். ஷூவும் காலிப்பரும் ஒன்றாக அல்லவா இருக்கிறது. நான் எடையில் ஒரு கிலோ குறைத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் குனிந்து பேண்ட் நுனியைப் பார்த்தார். தமிழர்கள் நிறைந்த பழைய மாட்டுங்காவின் மனுஷி, என் பெயரைப் பார்த்ததுமே தமிழுக்கு வந்துவிட்டிருந்தார்.

"எத்தனை வருஷமா இது?"

"நேத்துதான் மேடம். மாடிப்படியில விழுந்துட்டேன்."

"நேத்து விழுந்தவருக்கு இவ்ளோ பழைய காலிப்பரை யார் குடுத்தா?"

நானும் தோல்பட்டையைப் பார்த்தேன். ஓரமெல்லாம் தேய்ந்து, வியர்வையில் கறுத்து, பளபளவென்று இருந்தது. எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. அவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "நான் பாக்கறதைத்தான் எழுதணும். கோச்சுக்காதீங்கோ. முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். வெளியே வந்தபோது மனைவி என் முகத்தைப் பார்த்தாள். டாக்ஸியைக் கை தட்டிக் கூப்பிட்டாள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று செய்தி வந்தது. காரணம், உண்மையை மறைத்தது. இதில் எனக்குப் புதிதாக ஒரு தலைவலி. வேறு எந்தக் கம்பெனிக்குப் போனாலும், இதற்கு முன் எங்காவது நிராகரிக்கப்பட்டீர்களா என்று ஒரு கேள்வி கேட்பார்களாம். ஒரு காலை மறைக்கப் போய், மறைக்க வேண்டியது இரண்டாகிவிட்டது. நான் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடித்தது. பாய் நின்றார், இடது கையில் நான்கட்டாய் பிஸ்கட் பெட்டியோடு. என் மனைவிதான் போன் செய்து வரச் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாமல்.

"லோனாவாலா எப்படிவே இருந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

"குளிரு ஜாஸ்தி பாய்."

"ஜோக்க நிறுத்தும். வேலை போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா உம்ம நாக்கு தேஞ்சா போவும்? இந்தப் பிள்ள போன்ல அழுவுது."

மனைவி அடுக்களைக்குள் போய்விட்டாள். பாய் கொஞ்ச நேரம் என் முட்டியைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அது கெடக்கட்டும். ஆபீஸ் பாலிசிய உம்ம பேருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்தீரா?"

"எதை?"

அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

பாய் பைக்கடை வைப்பதற்கு முன் தாராவியில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் ஸ்டோர் பார்த்தவர். அந்தக் கம்பெனி மூடியபோது, அதே இன்சூரன்ஸ்காரரிடம் எழுதிக் கொடுத்து, குரூப் பாலிசியைத் தன் சொந்தப் பாலிசியாக மாற்றிக்கொண்டிருக்கிறார். பிரீமியம் நம் கையிலிருந்து கட்ட வேண்டும், அவ்வளவுதான். குரூப் பாலிசியில் இருந்த வருடங்களையெல்லாம் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். பழைய வியாதிக்கு மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதில்லை.

"என் கால…" என்றேன்.

"உம்ம காலு அவனுக்குத் தெரியாத காலா? அந்த ஆபீஸ்ல சேந்த அன்னைக்கே அவன் கணக்குல அது உண்டும்வே. எனக்கு விரலே இல்ல, எனக்குக் குடுக்கலையா?"

"எப்பக்குள்ள குடுக்கணும்?"

"வேலை போன நாள்லருந்து எங்களுக்கு ஒரு மாசம் குடுத்தான். உமக்கும் அப்படித்தான் இருக்கும். எப்பப் போச்சு வேலை?"

சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணவில்லை. எண்ணத் தேவையும் இருக்கவில்லை. மாதம் முந்தின வாரமே முடிந்திருந்தது.

பாய் பிஸ்கட் பெட்டியின் நூலை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்தம்மா சொன்னாவே. ஜோக்கர் போறாருன்னு. ஒருநா இல்ல, மூணு நா சொன்னா. நாந்தான், அவரு லோனாவாலால இருக்காரு, செத்தாலும் பொதுப்பெட்டில ஏற மாட்டாருன்னு சொல்லி அவ வாய அடைச்சேன். எந்திரிச்சு வந்து எட்டிப் பாத்திருக்கணும்."

நான் சொன்ன பொய்யை நம்பியதற்காக அவர் என்னிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு குன்றிப்போன நேரம் வேறு கிடையாது.

மறுநாள் அந்த மனிதவளப் பிரிவுப் பெண்ணுக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் சந்தோஷமாகச் சிரித்தாள், ஜோக் வரும் என்று எதிர்பார்த்திருப்பாள். விஷயத்தைச் சொன்னேன். "அன்னிக்கே சொல்ல வந்தேன் சார், நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கணும்" என்றாள் பாவம். அவளும் மன்னிப்புக் கேட்டாள். எல்லோரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கும் வாரமாக அது இருந்தது. எனக்காக அவள் கம்பெனிக்கு இரண்டு முறை எழுதினாள். அவகாசம் ஒரு மாதம்தான், முடிந்துவிட்டது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்றே இரண்டு முறையும் பதில் வந்தது. சட்டப்படி அது சரிதான். யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பிறகு மனைவியும் நானும் உட்கார்ந்து விசாரிக்க ஆரம்பித்தோம். இப்போதெல்லாம் ஊனமுற்றவர்களுக்கென்றே ஒரு பாலிசியைக் கம்பெனிகள் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். அதுகூடத் தெரியாமல்தான் நான் தெருத் தெருவாக நுனிக்காலில் நடந்திருக்கிறேன். விண்ணப்பத்தில் இந்த முறை எல்லாவற்றையும் எழுதினேன். போலியோ, காலிப்பர், தேய்ந்த முட்டி, ஏற்கனவே நிராகரிக்கப்பட்டது, நிராகரித்த காரணம். எழுதும்போது மனைவி தோளுக்கு மேலே நின்று படித்துக்கொண்டிருந்தாள். "ஓடுறத எழுதலையா?" என்றாள். பல நாள் கழித்து அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். கம்பெனியிலிருந்து பேச வந்த ஆள் காலிப்பரைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை, பையை மூடவில்லை. ஊனமுற்றோர் அடையாள அட்டையின் நகலை வாங்கிக்கொண்டு போனார். ரயில் சலுகைக்காக எப்போதும் சட்டைப்பையில் நான் வைத்திருக்கும் அட்டைதான்.

பாலிசி கொடுத்தார்கள். முதலிலிருந்து ஆரம்பிக்கும் பாலிசி. மற்ற நோய்களுக்குச் சீக்கிரமே பலன் உண்டு. ஏற்கனவே இருக்கிற முட்டிக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

அந்த வாரம் டப்பாவுக்குத் திரும்பினேன். ஏறும்போதே அந்த அம்மா, லீவு முடிந்ததா என்று இந்தியில் கேட்டுவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். நான் ஒரு நல்ல ஜோக் தயார் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்லாமல், வேலை போய்விட்டது என்று சொன்னேன். யாரும் அதிர்ச்சி அடையவில்லை. எதிரில் இருந்த ஊன்றுகோல்காரர், தனக்கு வேலை போய் ஏழெட்டு மாதம் ஆகிறது, தினமும் இந்த வண்டியில் வேலை தேடித்தான் போகிறேன் என்றார். மூலையில் இருந்த இன்னொருவருக்கும் அதே நிலைமை. டப்பாவில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது. தினமும் அவர்கள் எதிரில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாது. நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இப்போது அந்தப் பாத்திரக் கிடங்கிலேயே முழுநேர வேலை. ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் இடம், குரூப் பாலிசியெல்லாம் கிடையாது. மாநகராட்சி ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்றப் பெயர் கொடுத்திருக்கிறேன், அங்கே எனக்கு முன்னால் நிறையப் பேர் இருக்கிறார்கள். தனியாரில் செய்துகொள்ள நமக்கு வசதி போதாது. அந்த ஒரு மாதம் பொதுப்பெட்டியில் நின்றதில் முட்டி இன்னும் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். ஒரு ஊன்றுகோல் வாங்கியாயிற்று. வீட்டுக்குள் நடக்கவும் அது வேண்டியிருக்கிறது. மனைவி கடைக்குப் போகும்போது நானும் வருகிறேன் என்று இப்போது சொல்வதில்லை. அவளும் கூப்பிடுவதில்லை.

மெடிக்கல் இன்சூரன்ஸ்காரர்கள் யாரும் என் காலுக்காக என்னை மறுக்கவில்லை. மறுத்தது ஒரே ஒரு கம்பெனி, அதுவும் நான் சொன்ன பொய்க்காக. மாற்றி எழுதிக்கொள்ள எனக்கிருந்த அந்த ஒரு மாதம் முழுவதும், வழி தெரிந்த மனிதர் அடுத்த பெட்டியில்தான் உட்கார்ந்து வந்தார்.